கோயில் தரைக்கு டைல்ஸ் வேண்டாம்

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைக் கட்டியவர் ஒரு வெளிநாட்டுச் சாமியார். கூரான வளைவுகள் அவர் ஊர்ப் பாணி. வேலை செய்ததென்னவோ நம் கொத்தனார்கள். அதனால்தான் தூண்களின் அடியில் தாமரை இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் அவ்வளவு தடிமன். சித்திரை வெயிலில் எங்கள் ஊர் பசுமலையே காய்ந்து கிடந்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். தரை, உளியால் கொத்திய கருங்கல். பெஞ்சு கிடையாது. எல்லோரும் தரையில்தான் உட்காருவோம்.

போன வருடம் பங்குப் பேரவைச் செயலாளருக்கு டைல்ஸ் ஆசை வந்துவிட்டது. எனக்கு மாமன் முறை.

"மாப்ள, டைல்ஸ் போட்டா சும்மா பளபளன்னு ஆயிரும்."

"பளபளக்க இது என்ன நகைக்கடையா?" என்றேன்.

பங்குக் கூட்டமே சிரித்தது. கை தூக்கியதோ அவருக்கு. முதலில் பீடத்துக்கு முன்னால் மட்டும் போட்டுப் பார்ப்போம் என்றார் இப்போதைய பங்குச் சாமியார்.

நான் கத்தியது கலைக்காக இல்லை. என் மனைவிக்கு இடது கால் போலியோவில் சூம்பியது. வெளியே எங்கே போனாலும் என் கையைப் பிடிப்பாள். கோயிலுக்குள் பிடிக்க மாட்டாள். அந்தச் சொரசொரப்புக் கல்லில் அவளுக்குக் கால் நிற்கும். பெரிய வெள்ளியன்று பீடத்தின் முன் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யத் தனியாகத்தான் நடந்து போவாள்.

இன்னொன்றும் உண்டு. வாசல் குழாயில் கால் கழுவிவிட்டுத்தான் நாங்கள் உள்ளே வருவோம். அத்தனை பேரும் ஈரக்காலோடு வருகிற இடத்தில் வழவழப்பு டைல்ஸ்! ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. கல் முடிந்து டைல்ஸ் தொடங்கும் இடத்தில் மனைவி நின்றுவிட்டாள். என் பக்கம் கையை நீட்டினாள். அதைப் பார்த்த செயலாளர், வழிகாட்டுகிறேன் என்று வேகமாக வந்தார். டைல்ஸில் கால் வைத்ததும் வழுக்கி, வெள்ளை வேட்டியோடு தொப்பென்று உட்கார்ந்தார்.

மனைவி குனிந்து மெதுவாகக் கேட்டாள். "என்ன மாமா, நகைக்கடையில வழுக்குதா?"

"சிரிக்காத தாயி. ஏய் மாப்ள, தூக்குடா!"

தூக்கிவிட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டே அவர் பீடத்தைப் பார்த்துச் சொன்னார். "சாமி, சிலுவைய இங்கிட்டு கல்லுப் பக்கம் கொண்டாங்க."

சாமியார் கொண்டுவந்தார். மனைவி என் கையை விட்டுவிட்டு நடந்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் டைல்ஸைப் பெயர்த்தார்கள். சிமெண்ட் கறை கல்லில் இன்னும் இருக்கிறது. பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். அவள் வேண்டுமென்றே அந்தக் கறையை மறைத்துக்கொண்டு அதன் மேல்தான் உட்காருகிறாள்.