தொட்டில்காரரின் இடது கால்

இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவர் அவர். ஒரு நாள்கூட வண்டி குலுங்கியதில்லை. கிளட்சிலிருந்து இடது காலை எடுக்கிற பக்குவம் அப்படி. வண்டி எப்போது கிளம்பியது என்று உள்ளே இருப்பவர்களுக்கே தெரியாது. ஏறி உட்கார்ந்ததும் சொக்கிவிடுவார்கள். அதனால் பயணிகள் அவருக்கு வைத்த பெயர் தொட்டில்காரர். மனிதருக்கு அதில் கொள்ளைப் பெருமை.

மகளின் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். நிகழ்ச்சிக்கு இரண்டே மாதம். சாப்பாட்டு மேசையில் தாளம் போடாமல் ஒரு வாய் சாப்பிடாத அப்பாவை அவள் பிடித்து உட்கார வைத்தாள். கை சொன்னபடி கேட்டது. கால்தான் மானத்தை வாங்கியது. ஹை-ஹாட் என்பது ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு தட்டுகள். இடது காலால் மிதியை அழுத்தினால் மூடும், விட்டால் திறக்கும். நான்கு எண்ணியதும் சட்டென்று திறந்து, அடுத்த ஒன்றில் சட்டென்று மூட வேண்டும். இவரோ பழக்க தோஷத்தில் காலை நூல் நூலாக எடுப்பார். தட்டுகள் இரண்டும் உரசி, சளி பிடித்தவன் மூச்சு மாதிரி இழுக்கும்.

"அப்பா, அது கிளட்ச் இல்ல. படக்குன்னு எடுங்க," என்றாள் மகள்.

அந்தப் படக் வரவில்லை என்பது அவரைத் தின்றது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு, கிளட்ச் மிதியிலேயே பழக ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, படக். இந்த வயதில் இந்தக் கூத்து தேவையா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. ஐந்தாவது வாரம் கால் படிந்தேவிட்டது. மகள் கிதாரை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை, சிக்னல் மாறப்போகிறது என்று கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். மாறவில்லை. மனதுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு. படக்.

வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. முதுகுக்குப் பின்னால் தொப்பென்று சத்தம். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவனோ பின்னால் மோதிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு வண்டியும் இல்லை. குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். அது மிதிக்கு மேலே அந்தரத்தில், அடுத்த ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

விழுந்தது மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அம்மாள். பதினோரு வருடமாக அவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடிக்காமல் நின்று, ஓடுகிற பஸ்ஸில் கண்ணுக்கு மை இடுகிறவள். ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் மைக்குச்சி. ஒரு நாளும் கோடு கோணியதில்லை. அன்றைக்கு மணிக்கட்டு முறிந்தது. மை கண்ணோரத்திலிருந்து காது வரை ஓடியிருந்தது. அவள் அழவில்லை, திட்டவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, பேயறைந்தவள் போல அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஓட்டுறது நீங்கதானா?"

டிப்போவில் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அது அவருக்கு உறைக்கவே இல்லை. அந்தக் கேள்விதான் உறைத்தது. இனி அந்த ஹை-ஹாட் மிதியில் கால் வைக்க மாட்டேன் என்று மகளிடம் சொன்னார். நடந்ததைக் கேட்டவள் அவரை வற்புறுத்தவில்லை. படக்கென்று எடுக்கச் சொன்னவள் அவள்தானே. கடைசியில் திருகை இறுக்கி, தட்டுகளை மூடியபடியே வைத்துக் கொடுத்தாள். நிகழ்ச்சியில் அவர் இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டு வாசித்தார். திறக்க வேண்டிய இடத்திலெல்லாம் டிக் டிக் என்றே கேட்டது. கூட்டம் கைதட்டியது. மகள் மட்டும் திரும்பித் திரும்பி அந்தக் காலையே பார்த்தாள்.

கட்டுப் பிரித்த பிறகு மருந்துக்கடை அம்மாள் அதே நேரத்துக்கு, அதே நிறுத்தத்தில் ஏறினாள். நலம் விசாரித்தாள், சிரித்தாள். கோபத்தின் சுவடே இல்லை. மையை வீட்டிலேயே இட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடத்தில் எடுக்காத பக்குவத்தில் காலை எடுத்தார். வண்டி நகர்ந்தது அவருக்கே தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.