பேசாத கலாசாலைக்கு வேலை கேட்டுப் போனேன்

ஏரலிலிருந்து தூத்துக்குடிக்குக் காலை ஆறு மணிக்கு பஸ் என்றார்கள். ஐந்தரைக்கே போய் உட்கார்ந்தேன். எட்டரைக்குத்தான் புறப்பட்டது. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம் ஆதலால் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதை ஊதி ஊதிப் புகையேற்றினால்தான் வண்டி நகரும். டிக்கெட் ஆறணா. அந்த ஆறணாவுக்கு இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளவும் வேண்டியிருந்தது. நெற்றியில் திருமண் இருந்த இடத்தில் கரி இருந்தது.

“சாமி எங்கன போறிய?” என்று கேட்டார் டிரைவர்.

தருவைகுளம் ரஸ்தாவில் இருக்கும் வேதசாஸ்திரக் கலாசாலைக்குத் தமிழ்ப் பண்டிதர் வேலைக்குப் போகிறேன் என்றேன். பாதிரிமாராகப் படிக்கிற வாலிபர்கள் தங்கியிருக்கும் இடம் அது. நானோ நாமக்காரன். டிரைவர் என் நெற்றியையும் ரஸ்தாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அங்கன வேதக்காரவுகளத்தானே எடுப்பாவ? உங்கள எதுக்குக் கூப்பிட்டாவ?”

கிறிஸ்தவனல்லாத என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. வேலை போய் ஒரு வருஷம் ஆகிறது. என் வாய்தான் காரணம் என்பது என் மனைவியின் கட்சி. பள்ளிக்கூட மானேஜர் மேடையில் தப்பும் தவறுமாகப் பேசினால் நான் கை தட்டிக்கொண்டா இருப்பேன்? வீட்டில் மூன்று பெண்கள். கொல்லையில் விற்கக்கூடிய மரம் ஒன்றுகூட பாக்கியில்லை. நான் புறப்படும்போது அவள் புளியோதரை மூட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, “போற இடத்திலயாவது வாயைக் கட்டிண்டு இருங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

தூத்துக்குடியில் இறங்கியதும் சங்குக் கிடங்குகளின் நாற்றத்துக்கு மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஜட்காக்காரன் வாய் கூசாமல் ஒரு ரூபாய் கேட்டான். பேரம் பேசிப் பன்னிரண்டணாவுக்கு இறக்கினேன். இருபுறமும் உப்பளம். ஒதுங்க நிழல் கிடையாது. ஐந்து மைல் அந்த வெள்ளை வெயிலைப் பார்த்துக் கண் எரிந்துபோய், பகல் பதினொரு மணிக்குக் கலாசாலை வாசலில் இறங்கினேன்.

ஒரு வாலிபர் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். “பிரின்சிபால் எங்கே இருக்கிறார்?” என்றேன். சிரித்தார். மறுபடி கேட்டேன். உதட்டில் விரலை வைத்துவிட்டு இன்னும் பெரிதாகச் சிரித்தார். பாவம், ஊமை போலிருக்கிறது என்று அப்பால் போனேன். கிணற்றடியில் இருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஊமை! தாழ்வாரத்தில் புத்தகத்தோடு உலாத்தியவரும் ஊமை! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“என்ன ஓய், இது கலாசாலையா, ஊமைகள் சத்திரமா? வெயிலில் வந்தவனை வா என்று சொல்ல ஒரு நாக்கு கிடையாதா இங்கே?”

சத்தம் கேட்டுப் பிரின்சிபால் வெளியே வந்தார். அந்தப் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்பார்கள். இவர் நரைத்த தாடிக்கார ஐயர். அவர் எனக்கு எழுதிய கடிதத்தை நீட்டினேன். தேதியைப் பார்த்ததும் தம் நெற்றியில் தாமே அறைந்துகொண்டார். பிறகு என் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஓர் அறிவிப்புப் பலகை முன்னால் நிறுத்தினார்.

மாதத்தில் ஒரு நாள் அவர்களுக்கு மௌன நாளாம். மறுநாள் காலை மணியடிக்கும்வரை ஒருவரும் பேசுவதில்லை. சாப்பாட்டு வேளையில் மட்டும் ஒருவர் வேதம் வாசிப்பார். அந்த ஒரு குரலுக்குத்தான் அனுமதி. அதன் கீழே வரப்போகும் விசேஷங்களை எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அறுப்புப் பண்டிகை, அன்று ஊராரோடு அசனம் என்கிற பொதுவிருந்து. மறு வாரம் கீழவைப்பார் வரைக்கும் கீர்த்தனை பாடிக்கொண்டு கால்நடைப் பயணம். அப்புறம் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை. பாட்டும் கூத்தும் பேச்சுமாக அத்தனை நாள் கிடக்க, வேலைக்குக் கெஞ்ச வந்த எனக்கு என்று இந்த நாளைப் பொறுக்கி வைத்திருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

பென்சிலை நீட்டினேன். ஐயர் தலையாட்டி மறுத்தார். எழுதுவதும் பேச்சில் சேர்த்தி என்று பலகையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். திரும்பிப் போகலாமென்றால் ஜட்கா போய்விட்டது. அன்று பூராவும் அந்த வளாகத்தில் வாய் திறந்தவன் நான் ஒருவன்தான். கிணற்றுக் கயிற்றைத் திட்டினேன். கடற்காற்றைத் திட்டினேன். எதிரே வந்தவர்களிடமெல்லாம் அவர்கள் மௌனத்தைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொருவரும் மரியாதையாக நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. பிரின்சிபால், மாணவர், சமையல்காரர் எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். ரேஷன் அரிசிக் கஞ்சி, துவையல். வரிசையின் கோடியில் என் புளியோதரையைப் பிரித்தேன். முற்றம் பெருக்கிய அதே வாலிபர் நின்றுகொண்டு வாசிக்கத் தொடங்கினார். அது வாசிப்பா! மூச்சு விடவேண்டிய இடத்தில் ஓடினார், ஓடவேண்டிய இடத்தில் நின்றார். பாதி வார்த்தையை விழுங்கி மீதியைத் துப்பினார். காலையில் பட்டதெல்லாம் பொறுத்த எனக்கு இது பொறுக்கவில்லை.

“நிறுத்தும் ஓய்! இப்படி வாசித்தால் உம் சாமிக்கே புரியாது!”

கையைக் கழுவிக்கொண்டு போய்ப் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன். வேலை போயிற்று, இனிமேல் என்ன என்ற தைரியம். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குரல் எனக்கு. அதே குரலில் வாசித்தேன்.

ஒரு தோட்டக்காரன் கூலியாள் தேடிச் சந்தைக்குப் போகிற கதை அது. காலையில் சிலரைக் கூட்டிவருகிறான், மத்தியானம் சிலரை. பொழுது சாயும் நேரத்தில் போனால் அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள்.

அந்த வரியோடு என் வாசிப்பு நின்றுவிட்டது. எவ்வளவு கனைத்தும் அடுத்த வார்த்தை வரவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை பேருக்கு நடுவே கண்ணைத் துடைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. நான் திட்டிய அந்த வாலிபர்தான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். குடித்துவிட்டு மீதியையும் வாசித்து முடித்தேன்.

காலையில் மணியடித்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். காது அடைத்தது. ஐயர் என்னைத் தனியே அழைத்தார்.

“மன்னிக்கணும் பண்டிதரே, காலண்டரைப் பாக்காம தேதி போட்டுட்டேன். உங்கள நாங்க ஒண்ணும் விசாரிக்க வேண்டியதில்ல, நேத்தே கேட்டாச்சு. ஒண்ணாந்தேதி வந்து சேந்துருங்க. மௌன நாள்ல வாசிக்கது மட்டும் நீங்களா இருக்கணும்னு பிள்ளைங்க கேக்குதாங்க.”

“நான் உங்கள் வேதக்காரன் இல்லையே?”

“அது எங்களுக்குத் தெரியாதா? எங்க பிள்ளைங்க நாளைக்கு ஊர் ஊராப் போய்ப் பேசணும். அவங்களுக்குத் தமிழ் வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை அசனத்துக்கும் கூப்பிட்டார். என் ஆசாரத்தைச் சொன்னேன்.

“உங்க கட்டுச்சோத்தையே கொண்டாங்க. ஆனா தனிப் பந்தி கிடையாது. யார் வந்தாலும் இந்த வரிசையிலதான் உக்காரணும்.”

இதற்கு ஊரில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். ஒரு வருஷமாக என் வீட்டில் என்ன வேகிறது என்று ஊர் கேட்கவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. சரி என்றேன்.

மத்தியானம் தூத்துக்குடியில் அதே கரி பஸ், அதே டிரைவர். ஊர் எல்லை தாண்டவில்லை, நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினோம். டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார்.

“என்ன சாமி, போன காரியம் என்னாச்சு? வேலை குடுத்தாவளா?”

முந்தின நாள் பூராவும் கிணற்றுக் கயிறு முதற்கொண்டு திட்டித் தீர்த்தவன் நான். இப்போது ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினேன்.