தலையணைக்குள் ஒரு கண்

போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வலது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். கன்னங்கரேல் என்று இருந்தது. பக்கத்தில் கைக்குழந்தை தூங்கியது. கத்தக்கூடத் தோன்றவில்லை. சற்று நேரத்தில் பார்வை தானாகத் திரும்பியது.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். அவர் இருக்கும் மலையில் ராத்திரிதான் சிக்னல் கிடைக்கும். ஊரில் மடவார் வளாகம் தெருவில் எங்கள் வீடு ஒரே அறை; விளக்கைப் போட்டால் பிள்ளை விழித்துக்கொள்ளும். அதனால் இருட்டில் ஒருக்களித்துப் படுத்து, வீடியோ காலில் அவர் முகம் பார்த்துப் பேசுவேன். பேசி முடித்தும் தூக்கம் வராது. போனில் எதையாவது பார்த்துக்கொண்டு கிடப்பேன். வயது இருபத்து நான்கு. கண்ணைப் பற்றி யார் நினைத்தார்கள்?

பிறகு தூரமும் மங்கியது. பஸ் போர்டு தெரியாமல், ராஜபாளையம் போக வேண்டியவள் வத்திராயிருப்பு வண்டியில் ஏறிவிட்டேன். கண்டக்டர் திட்டி இறக்கிவிட்டார். திட்டியதுகூட உறைக்கவில்லை. மறுநாள் ராஜபாளையத்தில் கண் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

எந்தப் பக்கம் சாய்ந்து போன் பார்ப்பேன் என்றுதான் முதலில் கேட்டார். இடது கண் தலையணைக்குள் இருட்டுக்குப் பழகிக் கிடக்க, வலது கண் மட்டும் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறது. போனை அணைத்ததும் அதற்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாதாம். அதில் ஆபத்தில்லை என்றார். தூரத்து மங்கல்தான் வேறு. இணக்கத் தசை இறுக்கம் (கிட்டத்தில் பார்ப்பதற்காகச் சுருங்கும் கண் தசை, தளராமல் இறுகிப்போவது). அதற்குச் சொட்டு மருந்து. இருட்டில் போன் கூடவே கூடாது.

“அவிய மொகத்த மட்டும் செத்த நேரம் பாத்துக்கிடலாமா டாக்டர்?”

“இந்த மருந்து போட்டா கிட்டத்துல எதுவும் தெரியாதும்மா. குரலக் கேளு, போதும்.”

உங்களுக்கும் இதே மருந்து தந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: வெயில் கூசும். பிள்ளைக்கு நகம் வெட்ட முடியாது. எனக்குத் தூரத்துக் கோபுரம் துல்லியமாகத் தெரிந்தது. கையிலிருந்த அவர் போட்டோ பிசைந்த மாவாகத் தெரிந்தது. அழுகை வரவில்லை. மரத்துப்போயிருந்தேன்.

போன் கேமரா கெட்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன். மலையில் நிற்கிறவருக்கு என் கவலையும் எதற்கு? சில நாள் பொறுத்தார்.

“ஏட்டி, எம்மேல வருத்தமா? மொகத்தக் காட்ட மாட்டேங்குதியே.”

உள்ளதைச் சொன்னேன். அப்படியானால் தனக்கும் முகம் வேண்டாம் என்றார்.

குரல் மட்டும் என்றானதும் வேறு ஆளாகப் பேசினார். குளிரில் விரல் செத்துப்போவது, கூட இருந்த ஒருவர் திரும்பி வராதது, தன் பயம். முகம் பார்த்த நாட்களில் சாப்பாட்டைத் தாண்டி நாங்கள் பேசியதே இல்லை.

தசை மெல்லத் தளர்ந்தது. மருந்து நின்றது. சிறிய பவரில் ஒரு கண்ணாடி மிஞ்சியது.

அவர் விடுப்பில் வந்தார். எட்டினால் தொடும் தூரத்தில், பகல் வெளிச்சத்தில், அவர் முகம் மயிர் மயிராகத் தெரிந்தது. கன்னத்தில் புதுத் தழும்பு. கேட்டால் ஒன்றுமில்லை என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. இத்தனை நாள் ஏங்கிய முகத்தின் முன்னால் நேரம் நகரவே இல்லை.

நடுப்பகல்தான். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவர் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இப்பம் சொல்லுங்க,” என்றேன்.

சொல்ல ஆரம்பித்தார்.