அணைந்துபோன நாற்பத்தெட்டுக் கண்கள்

ஒருரோ நகரப் பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு விற்பவள் ஹெர்மினியா. வேலை முடிந்து வீடு திரும்பினால் சமையலறை மேசையில் சால்டரிங் கம்பியோடு உட்கார்ந்துவிடுவாள். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துத் தானாகக் கற்றுக்கொண்ட வேலை அது. கார்னிவலில் பிசாசு நடனம் ஆடும் குழுவின் தலைவன் வால்டோ, இருபத்துநான்கு முகமூடிகளின் கண்களுக்கு விளக்கு வைத்துத் தரச் சொன்னபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு முகமூடிக்கு இரண்டு சிவப்பு எல்.இ.டி., நான்கு பேட்டரி, நடுவே ஒரு ரெசிஸ்டர். கடுகளவு சாமான்தான், ஆனால் மின்சாரத்தை அளவோடு விடுவது அதுதான். கடைசி மூன்று முகமூடிகளுக்கு ரெசிஸ்டர் தீர்ந்துபோயிற்று. அப்புறம் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று, எரிகிறதா பார்க்க மட்டும் நேராக இணைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து வால்டோ நாலைந்து ஆட்டக்காரர்களோடு வந்து நின்றான்.

"அக்கா, இது மூணும் என்னமா ஜொலிக்குது! மத்ததெல்லாம் தூங்கி வழியுதே. எல்லாத்தையும் இப்படியே பண்ணிக் குடுங்களேன்."

அப்படிச் செய்தால் கருகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். வந்தவர்களோ முகமூடியைக் கைமாற்றிக் கைமாற்றி அவளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் கூத்துதானே, தாங்கிவிடும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, மற்ற இருபத்தொரு ரெசிஸ்டர்களையும் பிடுங்கிவிட்டாள்.

ஊர்வலம் பாதி தூரம்கூடப் போகவில்லை. கண்கள் ஒவ்வொன்றாக மங்கின. மாதா கோயில் வாசலுக்கு வந்தபோது ஒன்றுகூட எரியவில்லை. என்ன ஆயிற்று என்று வால்டோ கேட்டதும் அவள் வாய் முந்திக்கொண்டது.

"லைட்டே மட்டம், தம்பி. கசில்டா கடையில வாங்கினது."

மறுநாளே ஆட்டக்காரர்கள் சந்தைக்குப் போய், கசில்டாவை நாலு பேர் முன்னால் ஏமாற்றுக்காரி என்று ஏசிவிட்டு வந்தார்கள். அவள் கடைப் பக்கம் ஆட்கள் போவது குறைந்தது. செய்தி காதில் விழுந்ததிலிருந்து ஹெர்மினியா சந்தைத் தெருவை விட்டுச் சுற்றுவழியில் வேலைக்குப் போனாள். எட்டாம் நாள் அதற்கு மேல் முடியாமல், கடை முன் போய் நின்றாள்.

கடைப் பலகையில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"உனக்குக் குடுத்த அதே பையிலேர்ந்து எடுத்தது," என்றாள் கசில்டா. "ஏசிட்டுப் போன அன்னைக்கு ஏத்தினேன். இன்னும் அணையலை. நீ என்ன ரெசிஸ்டர் போட்டே?"

"போடலை," என்றாள் ஹெர்மினியா.

கசில்டா திட்டவில்லை. "எனக்குச் சொல்லி என்ன பண்ண? இங்க வந்து கத்தினவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

அன்று மாலை குழு மொத்தமும் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஹெர்மினியா உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள்.

"நான்தானே வெளிச்சமா வேணும்னு கேட்டேன்," என்றான் வால்டோ.

"நீ தெரியாம கேட்டே. தெரிஞ்சே செஞ்சது நான், தம்பி. பழியைத் தூக்கி அவ மேல போட்டதும் நான்தான்."

சாப்பிட்டுப் போகும்படி யாரும் சொல்லவில்லை. வால்டோ தன் ஆட்களோடு போய்க் கசில்டாவிடம் மன்னிப்புக் கேட்டான். முகமூடி வேலை மறு வருஷம் வேறொருவருக்குப் போயிற்று. கசில்டா இப்போதும் ஹெர்மினியாவுக்குச் சாமான் விற்கிறாள். அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. ஹெர்மினியாவால்தான் இன்றுவரை அவள் முகத்தைப் பார்த்து எதையும் கேட்டு வாங்க முடியவில்லை.