பட்டனில் இல்லாத பதில்

கணினித் திரையில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவரோ ஒரு கையால் காது குடைந்தபடி, மறுகையால் ஒரே பட்டனை எட்டு முறை தட்டுகிறார். ‘தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று எட்டுப் பேருக்கும் பதில் போகிறது. அலுவலகத்தில் அவருக்கு ‘வருத்தம் சார்’ என்றுதான் பெயர். பக்கத்து நாற்காலி என்னுடையது.

வாங்கிய பொருள் உடைந்து வந்ததென்று புகார் எழுதுபவர்களுக்குப் பதில் எழுதும் வேலை. எழுதுவதென்ன, நாற்பது பதில்களுக்கு நாற்பது பட்டன்கள். சொந்தமாக ஒரு வரி அடித்தால் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதத்தோடு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

போன வருஷம் ஒருநாள் மனைவி முதுகுவலி தாங்காமல் அழுதிருக்கிறார். இவர் வாயைத் திறந்து, “தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்” என்றிருக்கிறார். அந்தம்மா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“சத்தியமா கிண்டல் இல்லப்பா. வாயத் தொறந்தா அதுதான் வருது” என்றார் என்னிடம்.

அந்த வார விடுமுறையில் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற காட்டுக்குப் போனார். வழி தவறிப் போயிற்று. “சறுக்கி விழுந்தேன் பாரு, ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம். யாருடா கத்தறதுன்னு நானே திரும்பிப் பாத்தேன்!”

அன்று முதல் விடுமுறை தவறாமல் காடுதான். “சட்டையெல்லாம் சேறு. ஆனா வந்து உக்காந்தா வாய் ஓயாம பேசறாரு” என்று அந்தம்மா என்னிடம் அலுத்துக்கொண்டார். அலுப்பில் அத்தனை சந்தோஷம்.

“அப்படி என்னதான் சார் இருக்கு அங்க?”

“மேடு வந்தா மூச்சு வாங்குது. பள்ளத்தப் பாத்தா பயமா இருக்கு. எதுக்கும் பட்டன் கெடையாதுப்பா.”

வேலைக்குத்தான் வேட்டு. யாரோ ஒரு பெண்ணுக்கு ‘அழாதம்மா’ என்று அடித்தார், முதல் கடிதம். இன்னொருவருக்கு ‘நானா இருந்தாலும் கத்துவேன்’, இரண்டாவது. மகளைக் கல்லூரியில் சேர்த்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. “கொஞ்சம் வாயக் கட்டுங்க சார்” என்று கெஞ்சினேன். “கையத்தானே கட்டணும்?” என்று சிரித்தார்.

இன்று காலை அவர் திரையில் ஒரு கேள்வி: ‘ஒரு வாரமா பதில் சொல்றது யாரு? மனுஷனா, மெஷினா?’

அதற்கும் பட்டன் உண்டு. விரலை அதன்மேல் கொண்டுபோனார். நேற்றுக் காட்டில் ஏறிய முள்ளின் நுனி அந்த விரலில் கறுப்பாகத் தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் “சார், வேணாம்” என்றேன்.

விரலை விலக்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்து அனுப்பினார்: ‘மனுஷன்தாங்க. சொல்லுங்க, என்ன ஒடஞ்சிருக்கு?’