பச்சை வளையமும் பெங்களூர்க் கண்ணாடிக் கட்டடமும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அடுத்தவர் ஆட்டுக்குக் கயிறு பிடித்து நின்ற அதே அய்யலூர் சந்தையில், இன்று நான் போய் நின்றால்தான் விலையே பேச ஆரம்பிக்கிறார்கள். திண்டுக்கல் பிரியாணிக் கடைகளுக்குக் கறி அனுப்பும் ஷெட் என்னுடையது. வேன்கள் என்னுடையவை. பேகம்பூரில் மாடி வீடு — ஒவ்வொரு செங்கல்லும் என் சம்பாத்தியம். வாராவாரம் இந்தப் பத்தியையும் நானேதான் எழுதுகிறேன். பிழை திருத்துவது மட்டும் ஆசிரியர் வேலை!

இத்தனையையும் பயமில்லாமல் செய்தவனை ஒரு பச்சை வளையம் நடுங்க வைத்துவிட்டது.

மகள் ஷமீமா எம்.காம். அவள் கணக்குப் பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து போனும் கையுமாக வேலை தேடினாள். வேலை தேடுபவர்களும் ஆள் தேடுபவர்களும் பழகும் ஏதோ ஒரு தளமாம். எட்டிப் பார்த்தேன். அவள் போட்டோ. அதைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம்.

பகீரென்றது. ஏன் தெரியுமா? சந்தையில் விலை முடிந்ததும், வாங்கியவன் ஆட்டின் முதுகில் தன் கலர் சாயத்தைத் தடவிவிடுவான். சாயம் விழுந்தால் அது அவன் ஆடு. அடுத்து லாரிதான்...

"யாரும்மா இதைப் பூசினது?"

"நாந்தான் அத்தா. வேலை தேடுறேன்னு எல்லாருக்கும் தெரியணும்ல?"

"எல்லாருக்கும்னா?"

"உலகத்துக்கே!"

என் பயத்தைப் போக்க அவள் சொன்ன பதிலாம் அது.

அந்த வாரமே ஒரு மெசேஜ். பெங்களூரில் கம்பெனி. பிரகாஷ் என்று ஒருவன். வீடியோவிலேயே இன்டர்வியூவும் முடிந்தது. சர்டிபிகேட், ஆதார் எல்லாம் அனுப்பச் சொன்னான். இவளும் அனுப்பிவிட்டு, பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நெய்க்காரப்பட்டியில் எனக்கு ஆடு கொடுப்பவரின் மகன் இப்படித்தான் போனில் வந்த வேலையை நம்பி வெளிநாடு போனான். போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அடைத்து வைத்து, ஊரை ஏமாற்றும் மெசேஜ்களை அனுப்பச் சொல்லி அடித்தார்கள். தப்பி வந்துவிட்டான். இன்றும் போன் மணி கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறான். இந்த பிரகாஷ் யார்? எந்த ஊர்? யார் மகன்? போட்டோவில் சிரித்தால் நல்லவனா?

சந்தைக்குப் புது வியாபாரி வந்தால், தெரிந்தவன் ஒருவன் "நான் பாத்த ஆளு" என்று சொல்லாமல் கயிறு கைமாறாது. அதையே செய்தேன். மகளிடம் பேச்சுவாக்கில் கம்பெனி விலாசத்தை வாங்கி, பெங்களூருக்கு லோடு போன என் டிரைவர் முத்தையாவிடம் சொன்னேன். "ஆளைப் பாத்துட்டு வாப்பா. பாப்பாவுக்குத் தெரிய வேணாம்."

மறுநாள் வீடியோ கால். பெரிய கண்ணாடிக் கட்டடம். கைலியில் முத்தையா. பக்கத்தில், கழுத்தில் அட்டை தொங்க, முழி பிதுங்கிய ஒரு பையன்.

"பாய், இந்தா ஆளு! வாட்ச்மேன் உள்ள விடமாட்டேன்னுட்டான். 'எங்க முதலாளி மக விசயம், பிரகாஷ் சாரைக் கீழ வரச்சொல்லு'ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஓடியாந்துட்டாரு!"

"சார்... யாரு சார் நீங்க?" என்றான் பிரகாஷ். நல்ல தமிழ்.

"நீங்க யாரு தம்பி? அப்பா என்ன பண்றாரு?"

"பஸ் கண்டக்டர் சார். நான் இங்க ஹெச்.ஆர்."

"நல்ல ஆளாத்தான் தெரியுது பாய்," என்றான் முத்தையா. "ஆட்டுக்குப் பாக்குற மாதிரி பல்லு மட்டும் பிடிச்சுப் பாக்கல."

என் பின்னால் டம்ளர் விழுந்தது. ஷமீமா!

"அத்தா... போச்சு! இனிமே எவன் எனக்கு வேலை தருவான்? இம்புட்டு நாளா தேடுனதை ஒரே போன்ல கெடுத்துட்டீங்களே!"

திருடனோ என்று பயந்தேன். நல்லவன் என்று தெரிந்ததும், அதைவிடப் பயம்! அதன்பின் பெங்களூரிலிருந்து மூச்சில்லை. சோற்றுக்கு வெஞ்சனம் கேட்டால் மகள் கிண்ணத்தை மட்டும் நகர்த்தி வைப்பாள். போன் அடித்தால் இருவரும் சேர்ந்து திடுக்கிடுவோம். கறி ஆர்டராக இருக்கும். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

ஒருவழியாக அந்த போன் வந்தது. வேலை உறுதி! பிரகாஷ் கடைசியாகச் சொன்னானாம்: "உங்க அப்பாகிட்டச் சொல்லிருங்க மேடம், இனி ஆள் அனுப்ப வேணாம்னு."

இப்போது அவள் பெங்களூரில். தினம் சாயங்காலம் "ரூமுக்கு வந்துட்டேன் அத்தா" என்று சொல்லும்வரை எனக்கு உயிர் உயிராக இல்லை.

ஒன்று மட்டும் புரிந்தது. அந்தத் தளத்தில் அவளுக்கு ஊர்ப்பட்ட தொடர்புகள். நேரில் போய் முகம் பார்த்து வர ஒரு கைலி கட்டிய ஆள்தான் இருந்தான்.

போன வாரம் அதே தளத்தில் நன்றி எழுதியிருக்கிறாள். பிரகாஷுக்கு நன்றி. பழைய மேனேஜருக்கு நன்றி. தொடர்பில் உள்ள அனைவருக்கும் நன்றி. கீழே கைதட்டல் மேல் கைதட்டல். கட்டைவிரல் வலிக்கத் தள்ளித் தள்ளித் தேடினேன்...

ஷமீமா, இதை நீ படிப்பாய். அந்த நன்றியில் முத்தையா பெயரைச் சேர். அதற்கு மேலே என் பெயர்!