நக்ஸோஸ் வாசலில் ஆடிக்காற்று

எங்கள் குடும்பத்துக்கு விடுமுறை என்றால் அது ஆடி மாதம்தான். என் கணவர் தென் லண்டனில், மிச்சம் என்ற ஊரில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் கலியாணப் படப்பிடிப்பாளர். வைகாசி, ஆனி, ஆவணி மாதங்களின் சனி ஞாயிறுகளை ஆட்கள் ஒரு வருடத்துக்கு முன்பே பிடித்துவிடுவார்கள். ஆடியில் நம்மவர்கள் கலியாணம் வைப்பதில்லை, கமராவுக்கும் ஓய்வு. கிரேக்கத் தீவுகளில் வெயிலும் விலையும் அதே மாதத்தில்தான் உச்சத்தில் இருக்கும் என்று தெரிந்தும், முதலாம் ஆடி வெள்ளிக்கு மறுநாள் விமானம் ஏறினோம். லண்டன் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு முதல் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

வீட்டில் படம் எடுப்பது அவர். படங்களின் பின்னால் திகதி, கிழமை, இடம் எழுதுவது நான். அதனால்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்: எங்கள் ஒரே மகளின் முகம் தெரிகிற கடைசிப் படம் அவளுடைய சாமத்திய வீட்டில் எடுத்தது. பெரியபிள்ளையானதற்கு மண்டபம் எடுத்துச் செய்த கொண்டாட்டம். அன்று அவளை ஒரு மயில் நாற்காலியில் இருத்தி, தாடையை இறக்கு, கையை இப்படி வை, கண்ணைச் சாய் என்று மணிக்கணக்காகப் படுத்தினார். அதில் ஒன்றை ஆளுயரத்துக்குப் பெருப்பித்து ஸ்ரூடியோவின் முன் கண்ணாடிக்குள் மாட்டினார். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் போகிற பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கழற்றச் சொல்லி அவள் அழுதாள். "அதைப் பாத்துத்தானே ஆக்கள் வருகினம்," என்றார் இவர். அதன் பிறகு எந்தக் கமரா திரும்பினாலும் அவள் கை முகத்துக்குப் போய்விடும். ஐந்து வருட அல்பங்களில் என் மகள் ஓர் உள்ளங்கை.

செப்டம்பரில் அவள் படிக்க ஸ்கொட்லாந்து போகிறாள். பெட்டி அடுக்கும்போது இவர் என்னிடம் மெல்லச் சொன்னார்:

"ஒண்டு போதுமப்பா. அவள் போறதுக்கு முதல் ஒரேயொரு படம்."

"கேட்டுப் பாருங்கோவன்."

"கேட்டால் கையைத் தூக்குவாள்."

டெலோஸ் தீவுக்குப் போன நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதக்கணக்காக நூலகத்தில் அதைப் பற்றியே வாசித்துக்கொண்டிருந்தவள் நான். அப்பொலோ பிறந்த இடம் என்று அந்த மக்கள் நம்பிய தீவு அது. புனிதம் கெடக்கூடாது என்று, அங்கே ஒருவரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று பழங்காலத்தில் சட்டம் போட்டார்களாம். பிள்ளைத்தாச்சிகளையும் சாகக் கிடந்தவர்களையும் பக்கத்துத் தீவுக்கு ஏற்றிவிடுவார்கள். பளிங்குச் சிங்கங்களின் வரிசைக்கு முன்னால் நின்று இதையெல்லாம் நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்க, மகள் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப பிள்ளைப்பேறு, செத்தவீடு எண்டு துடக்கே வராத ஊர். துடக்கு எண்டு சொல்லி ஒருத்தரும் கோயிலுக்குப் போகாமல் தப்ப ஏலாது, என்ன?"

நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இது இருக்கவில்லை. இவரோ ஒரு சிங்கத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, "தம்பி, தாடையைக் கொஞ்சம் இறக்கும்," என்றார். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இவர் கமராவோடு திரும்பினார். அதற்குள் கை எழும்பிவிட்டது.

மறுநாள் மாலை, நாங்கள் தங்கியிருந்த நக்ஸோஸ் தீவின் துறைமுகத்தில் நின்றோம். அதன் முனையில், கடலைப் பார்த்தபடி, ஒரு பிரமாண்டமான பளிங்கு வாசல் தனியாக நிற்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயில். கோயிலைக் காணவில்லை, நிலை மட்டும் இருக்கிறது. பொழுது படும்போது சூரியன் அதற்குள் வந்து நிற்கும் என்று வாசித்திருந்தேன். மூன்று பேரும் ஓட்டமும் நடையுமாக மேட்டில் ஏறினோம். ஏறிப் பார்த்தால், வாசலில் ஒரு மணப்பெண்!

இவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "ஆடியில கலியாணமோ? இவைக்கு என்ன விசரே?"

"இஞ்சருங்கோ, ஆடி எங்களுக்குத்தான்," என்றேன்.

"அப்பா, ஊர் முழுக்கக் கலியாணம்," என்றாள் மகள். "காலமை ஹோட்டல் வாசல்ல ஒரு மாப்பிளை நிண்டவர். நீங்கள் அவரிட்டைத்தானே கோப்பி கேட்டனீங்கள்!"

கலியாணம் இல்லாத மாதம் என்று நம்பிப் புறப்பட்டவர்கள், கலியாணத்துக்கென்றே ஆட்கள் வந்து குவிகிற தீவுக்கு, குவிகிற மாதத்திலேயே வந்து இறங்கியிருந்தோம்.

அந்தக் கடலில் அந்த மாதம் வீசும் வடகாற்றை மெல்தெமி என்பார்கள். எனக்கு அது ஆடிக்காற்றுத்தான். மணப்பெண்ணின் முக்காட்டை அது பிடுங்கி மாப்பிள்ளையின் முகத்தில் அறைந்தது. படம் எடுக்க வந்த இளம்பெண் தனியாளாகத் தடுமாறினாள். நேரே நில், சிரி, இங்கே பார் என்று சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று கத்தினார்கள். மணப்பெண் அழுகிற நிலையில் நின்றாள்.

"போகாதேங்கோ," என்றேன் இவரிடம்.

"நான் ஏன் போறன்?" என்றார், போய்க்கொண்டே.

இவருடைய காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சேலை ஊசி டப்பா இருக்கும். முந்தானை நழுவும், கொசுவம் குலையும். நம்மவர் கலியாணத்தில் படம் எடுப்பவருக்கு அது லென்ஸ் மாதிரி. நாலு ஊசியில் முக்காடு அடங்கியது. பிறகு, சுற்றி நின்றவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மணப்பெண்ணிடம், "எங்களைப் பார்க்க வேண்டாம் தங்கச்சி, காற்றோடு சண்டை பிடியுங்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். 'தங்கச்சி' மட்டும் தமிழ். அவள் காற்றைப் பார்த்துத் திரும்பினாள். பூச்செண்டை ஓங்கினாள். சிரித்தாள். இளம்பெண் மளமளவென்று எடுத்துத் தள்ளினாள்.

இவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். மகள் சிரிக்கவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் அப்பா உப்பிடிச் செய்யேல்லை?"

எதைக் கேட்கிறாள் என்று மூவருக்கும் தெரியும்.

"அண்டைக்கு நான் கமராக்காரனா நிக்கேல்லைப் பிள்ளை," என்றார். "தகப்பனா நிண்டனான். மண்டபத்தில வந்த எல்லாரும் வாயைப் பிளக்கவேணுமெண்டு நிண்டனான்."

"அந்த மயில் படம் இன்னும் கண்ணாடிக்குள்ளதான் நிக்குது."

இவர் தொலைபேசியை எடுத்தார். லண்டனில் கடை பூட்டாத நேரம். கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் தம்பி.

"தம்பி, முன்னுக்கு நிக்கிற மயில் படத்தைக் கழட்டு."

"என்னத்தை அத்தான்?" காற்றை மீறி அவன் குரல் எங்களுக்கும் கேட்டது. "அதைக் காட்டித்தான் இப்ப ஒரு ஓடர் பேசிக்கொண்டிருக்கிறன்! ஆக்கள் முன்னுக்கு இருக்கினம்!"

"கழட்டு எண்டுறன்! இப்ப! படம் எடுத்துப் பிள்ளையின்ரை போனுக்கு அனுப்பு!"

சூரியன் கடலில் முட்டிக்கொண்டிருந்தது. கலியாணக் கூட்டம் இறங்கிப் போய்விட்டது. மகள் தன் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சூரியனை, இவர் மகளை. டிங் என்றது. கண்ணாடிக்குள் வெறும் சுவர், ஓர் ஆணி, மாமனின் பெருவிரல் பாதி.

அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று நடந்து வாசலுக்குள் போய் நின்றாள். "ஒண்டுதான்!" என்று கத்தினாள். "தாடை, கண் எண்டு ஒண்டும் சொல்லக்கூடாது!"

ஒரு கலியாணத்தில் ஆயிரக்கணக்கில் தட்டித் தள்ளுகிற மனிதர் ஒன்றே ஒன்று எடுத்தார். எடுத்துப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என்ன?"

"கண்ணை மூடிப்போட்டாய்."

அவள் ஓடிவந்து பார்த்தாள். முகம் முழுக்கத் தலைமயிர், மூடிய கண், திறந்த வாய், பின்னால் அந்த வாசல் முழுவதும் நெருப்பு. சிரித்துச் சிரித்து இருமினாள்.

"சரி, இன்னொண்டு எடுங்கோ," என்று திரும்ப ஓடினாள். "கெதியா! வெளிச்சம் போகுது!"

நான் இவருடைய பையிலிருந்து ஊசி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு அவள் தலைமயிரைப் பிடிக்கப் பின்னால் ஓடினேன்.

"ஊசி வேண்டாம் அம்மா, விடுங்கோ! தள்ளி நில்லுங்கோ! படத்துக்குள்ள நிக்கிறியள்!"